ஒரு மணி நேரத்தைக் கழிக்கச் சொன்னவர்

தண்ணீர் கேனைத் தோளிலிருந்து இறக்கி வைத்தவரைப் பார்த்து, "ஆ காட்டு" என்கிறார் டாக்டரம்மா.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, தண்ணி போட வந்தேன்."

"அது தெரியுது. குரல் ஏன் கம்மியிருக்கு? ஆ காட்டு."

அவர் காட்டுகிறார். டார்ச் வெளிச்சம் தொண்டைக்குள் போய்விட்டு வருகிறது. "சிகரெட்ட விடு. இல்லன்னா அடுத்த தடவ கேனை நான்தான் தூக்கிட்டு வரணும்." கேன்காரர் சிரித்துக்கொண்டே போகிறார். மின் கணக்கு எடுக்க வருபவர், தபால்காரர், வீடு தவறிக் கதவைத் தட்டியவர் என்று அந்த வாசலில் வாயைத் திறக்காமல் திரும்பியவர்கள் குறைவு. எங்கள் தெருவில் அவருக்கு 'ஆ காட்டு டாக்டர்' என்றுதான் பெயர். பலகையில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் வழி காட்ட ஆள் கிடைக்காது.

நான் அந்தக் கிளினிக்குக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். எழுத்து வேலை ஓடாத காலை நேரங்களில் கீழே இறங்கி வந்து, நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். ஒரே அறைதான். நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் டோக்கன் கொடுப்பவர் டாக்டரம்மாவின் கணவர். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் டோக்கனை எச்சில் தொட்டு எடுக்கப் போவார், திரைக்குப் பின்னாலிருந்து "என்னங்க!" என்று ஒரு குரல் வரும், விரல் பாதி வழியில் நின்றுவிடும். அம்மாவுக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அறுபத்தெட்டு வயதில் அந்தக் காதுக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

டாக்டர்கள் ஒரு தடவை படித்து முடித்துவிட்டால் ஆயுளுக்கும் டாக்டர்கள்தான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் இத்தனை மணி நேரம் புதிதாகப் படித்தேன் என்று கணக்குக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். அதற்காக நடக்கும் வகுப்பு ஒன்றுக்கு, வேடிக்கை பார்க்க நானும் ஒருநாள் கூடப் போனேன். காலையில் வருகைப் பதிவு மேஜையில் அப்படி ஒரு கூட்டம். கையெழுத்து விழுந்ததும் பாதிப் பேரைக் காணோம். சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பேரும் சொல்லி வைத்த மாதிரி திரும்பி வந்துவிட்டார்கள். டாக்டரம்மா மட்டும் காலையிலிருந்து முன்வரிசையை விட்டு நகரவில்லை. பாடம் நடத்தியவருக்கு டாக்டரம்மாவின் மகன் வயதுகூட இருக்காது. அம்மா எழுந்து நின்று, "சார், அந்தப் படத்த இன்னொரு தடவ போடுங்க. மண்டைல ஏறல" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். படம் மறுபடியும் வந்தது. அதற்குள் சிரித்தவர்களும் குறிப்பெடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த வகுப்பு முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். இதயத்துக்கு நல்லது என்று தினமும் ஒரு சின்ன மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். நானும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு போட்டு வந்தேன்.

"தம்பி, அத இன்னியோட நிறுத்திடுங்க. உங்களுக்கு இதயத்துல எந்தக் கோளாறும் இல்ல. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு அதால நன்மைய விட ரத்தக் கசிவு ஆபத்துதான் அதிகம்னு இப்ப சொல்றாங்க. இத்தன நாள் நான் சொன்னது தப்பு."

எந்தப் பீடிகையும் இல்லாமல், காய்கறிக்காரர் மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுப்பதுபோல அந்தச் சொல்லைக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த படித்தவர்களில் 'நான் சொன்னது தப்பு' என்று கேட்காமலே சொன்னவர் அவர் ஒருவர்தான். அன்று என்னைப் போலவே அந்த மாத்திரை சாப்பிடும் இன்னும் பலரையும் ஒவ்வொருவராக வரவழைத்து, அதே வாக்கியத்தைச் சொன்னார். இரண்டு பேர், "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, குழம்புறாங்க" என்று வேறு டாக்டரிடம் போய்விட்டார்கள். கணவர் முணுமுணுத்தார். அம்மா அசரவில்லை.

இந்த முறை லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது நேரடி வகுப்புகள் முடிந்துவிட்டிருந்தன. மீதி நேரத்தை இணையத்தில் பாடங்கள் பார்த்து நிரப்ப வேண்டும். வேறொரு ஊரில் பெரிய மருத்துவமனையில் டாக்டராக இருக்கும் மகன் போனில் வழி சொன்னார்: "ப்ளே பண்ணிட்டு போனை மேஜை டிராயர்ல போட்டுடும்மா. நாங்க எல்லாரும் அப்படித்தான். முடிஞ்சதும் அதுவே கணக்குல ஏத்திக்கும்."

"அப்ப டிராயருக்குத்தான்டா லைசென்ஸ் குடுக்கணும்" என்றார் அம்மா.

மதியங்களில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கை வைத்தபடி ஒவ்வொரு பாடமாகப் பார்த்தார். கடைசிப் பாடம், குழந்தைகளுக்கான மருந்து அளவில் வந்திருக்கும் மாற்றங்கள் பற்றியது. அன்று காலை நல்ல கூட்டம். பாடம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அம்மா கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது போன் திரையில் பூ மழை பொழிந்துகொண்டிருந்தது. வாழ்த்துகள், நீங்கள் வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள். கணக்கில் ஒரு மணி நேரம் ஏறியிருந்தது. லைசென்ஸுக்குத் தேவையான நேரம் சரியாக நிரம்பிவிட்டது.

மறுபடியும் முதலிலிருந்து பார்க்கலாம் என்று அழுத்தினார். முடித்த பாடம் திறக்காதாம். அம்மா டாக்டர்கள் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டார். போனை ஸ்பீக்கரில் வைத்ததால் பெஞ்சில் இருந்த எங்களுக்கும் கேட்டது.

"நான் அந்தப் பாடத்துல தூங்கிட்டேன். அந்த ஒரு மணி நேரத்தக் கழிச்சுடுங்க."

அந்தப் பக்கம் இருந்த ஊழியர் கணினியில் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, இங்க எல்லாரும் கூட்டச் சொல்லித்தான் கேப்பாங்க. கழிக்கிறதுக்குப் பட்டனே இல்லம்மா" என்றார்.

"பட்டன் இல்லன்னா கையால கழிங்க."

"கழிச்சா உங்களுக்குக் கணக்கு குறையுமேம்மா. மாசக் கடைசியோட லைசென்ஸ் நின்னுடும். அடுத்த பாடம் எல்லாம் திறக்க இன்னும் பல வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க ஒரு நோயாளியக்கூடப் பாக்கக் கூடாது. தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரியும் சார். நீங்க கழிங்க."

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தூங்குனதுக்குத் தண்டோரா போடுற ஆள நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று என்னிடம் சொன்னார். ஆனால் குரலில் கிண்டல் இல்லை. "இந்த வயசுல ஒரு தடவ மூடுனா வர்றவங்க எல்லாம் வேற டாக்டர் பழகிடுவாங்க தம்பி. அப்புறம் திறந்தாலும் யாரு வருவா? இது இல்லாம இவளுக்கு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க."

நானும் என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை, அந்தப் பாடத்தை வேறு எங்காவது தேடிப் படித்துக்கொள்ளலாம் என்றேன்.

"படிச்சுக்குவேன் தம்பி. ஆனா படிக்காத நேரத்தப் படிச்சேன்னு எழுதி வாங்கிட்டு, ஒரு கொழந்தைக்கு மருந்து எழுத என் கை வராது."

மாடிப்படி ஏறும்போது, இப்படி ஒரு மனுஷிக்குத் தலைக்கு மேலே குடியிருக்கிறோம் என்று அடியை மெதுவாக எடுத்து வைத்தேன். அலுவலகம் ஒருவழியாகக் கழித்துவிட்டது. மாதக் கடைசியில் கணவரே வாசலில், லைசென்ஸ் வரும்வரை வைத்தியம் கிடையாது என்ற அறிவிப்பை ஒட்டினார்.

அறிவிப்பைப் படித்துவிட்டு வருபவர்கள் யார்? நேற்று ஓர் இளம் தாய் காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டாள். டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். வலது கை தானாகக் குழந்தையின் நெற்றியை நோக்கிப் போனது. தொட ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது.

"இப்ப நான் பாக்கக் கூடாதும்மா. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, நல்லாப் பாப்பாங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன். என்னங்க, நீங்க கூடப் போய் விட்டுட்டு வாங்க."

"நெத்தியத் தொட்டுப் பாக்கறதுக்குமா லைசென்ஸ்?" என்றேன் நான், மனசு கேட்காமல்.

"நீங்க தொட்டா பாசம் தம்பி. நான் தொட்டா வைத்தியம்."

போன் செய்து சொல்லிவிட்டு வாசல்வரை கூடவே போனார். அவர் கணவர் முன்னால் நடக்க, தாய் பின்னால் போனாள். குழந்தை அவள் தோள் வழியாகத் திரும்பி, டாக்டரம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டியது. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டாக்டரம்மாவின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வலது கை விரல்கள் அசைந்தன. இடது கை அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.