கார்க் கண்ணாடிக்குள் ஒரு நாத்தனார்

சுபாஷினிக்கு முகக்கவசம் புதிதல்ல. கூலிம் ஹைடெக் பூங்காவில் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு இருபது வருட வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே தெரியும். அங்கே முகத்தை மூடுவது மனிதருக்கு நோய் வராமல் இருக்க அல்ல. மனிதரின் மூச்சும் பொடுகும் பட்டுச் சில்லு கெட்டுப்போகாமல் இருக்க. ஆகவே உலகமே முகத்தை மூடத் தொடங்கியபோது, எங்கள் தாமான் குடியிருப்பில் அவள் ஒருத்திதான் பதவி உயர்வு கிடைத்தவளைப் போல நடந்தாள்.

வாசலில் ஒரு குழாய், ஒரு சோப்பு, ஒரு வாளி. வந்தவர் கையையும் காலையும் கழுவினால்தான் கதவு திறக்கும். கொசுகூட அவள் வீட்டுக்குள் கால் கழுவிவிட்டுத்தான் நுழைந்தது. நம்பாதவர்கள் அந்தக் கொசுவையே கேட்டுக்கொள்ளலாம். மாம்பழத்தைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். பக்கத்து வீட்டுப் பூனை அவள் கையில் கிருமிநாசினிப் புட்டியைக் கண்டால் சுவரேறி ஓடி, அப்படியே அடுத்த ஊரான பாடாங் செராய் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கேள்வி.

மற்றவர்கள் எல்லாம் மெல்ல மெல்லத் தளர்ந்தார்கள். பாசாரில் முகக்கவசம் முதலில் மூக்கிலிருந்து இறங்கித் தாடைக்கு வந்தது, பிறகு முழங்கைக்குப் போனது, கடைசியில் காடிக்குள், ஸ்டியரிங்குக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் தொங்கும் அலங்காரமாயிற்று. போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி என்று அரசாங்கமே சொன்ன பிறகும் சுபாஷினி அசைந்து கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அவள் தம்பி திவாகருக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சித்தப்பா மகள் தேவகி சமையல் கூடாரத்துப் பக்கம் போய், மிளகாய் வறுத்த நெடியில் ஒரு தும்மல் போட்டாள். ஒரே ஒரு தும்மல்தான். சுபாஷினி அவளை அப்படியே நடத்திக்கொண்டு போய்க் கால்வாய் ஓரம் தனி நாற்காலியில் உட்காரவைத்து, அங்கேயே இலை போடச் சொன்னாள். பாயசம் வரும்போது தேவகிக்குத் துணைக்கு ஒரு கோழி மட்டும் இருந்தது. அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சில்லை.

கல்யாண நாளும் வந்தது. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது, மற்ற இரண்டும் நாத்தனாருடையது. ஒரே தம்பி, அவனுக்கு முடிச்சுப் போடச் சுபாஷினி வருடக்கணக்காகக் காத்திருந்தாள். அன்று விடியும்போது தொண்டையில் முள் குத்தியது. சோதனைப் பெட்டியை எடுத்து மூக்கில் குச்சி விட்டாள். இரண்டு கோடு. வேறு கம்பெனிப் பெட்டியைத் திறந்தாள்; அதுவும் இரண்டு கோடு. மூன்றாவதை மிரட்டிப் பார்த்தாள். அது பயந்து இன்னும் சிவப்பாகக் காட்டியது.

லாரி ஓட்டும் கணவர் ஜொகூரில் இருந்தார். இரவு வேலையால் அவளும் சில நாளாகத் தாய் வீட்டுப் பக்கம் போகவில்லை. அம்மா செல்லாயிக்கு ஃபோன் போட்டாள். செல்லாயி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“மூக்குல குச்சி விட்டது உனக்கும் அந்தப் பெட்டிக்கும்தான் தெரியும். தூக்கிப் போட்டுட்டு, சேலையக் கட்டிக்கிட்டு வா லா.”

பெண்ணின் அப்பா சதாசிவத்தை நினைவுபடுத்தினாள் சுபாஷினி. ஜித்ராவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர், இருமல் வந்தாலே ஆஸ்பத்திரியில் படுத்துவிடுகிறவர். மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க அவர் மணவறையில் கையெட்டும் தூரத்தில் உட்காருவார். செல்லாயி ஃபோனை மகனிடம் நீட்டினாள்.

“அக்கா, ரெண்டு மாஸ்க் போட்டுக்கோ. ஒரு நிமிஷ வேலதான்,” என்றான் திவாகர். கூடவே, “நீ வரலன்னா தேவகி அக்காதான் கட்டணும்,” என்றான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் காடியில் ஏற்றியது. பட்டுச்சேலை, இரண்டு முகக்கவசம், பக்கத்து இருக்கையில் மூன்று சோதனை அட்டைகள். வழியில் எறிந்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டவள், கோயில் மண்டபம் வரை எறியவில்லை. மண்டபத்து வாகன நிறுத்துமிடத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே மேளம் கேட்டது. இறங்கவும் முடியவில்லை, திரும்பவும் மனமில்லை.

அப்போது சதாசிவமே வெளியே வந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. மாப்பிள்ளையின் அக்காவைத் தானே போய் அழைத்துவர வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஆசை. சிரித்துக்கொண்டே வந்து கண்ணாடியைத் தட்டினார்.

சுபாஷினி உள்ளிருந்து கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். தள்ளிப் போங்கள் என்று விரலைக் காட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அவர் கதவுப் பிடியிலேயே கை வைத்துவிட்டார். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அட்டையை எடுத்துக் கண்ணாடியில் அப்பிப் பிடித்து, “எனக்கு கோவிட் இருக்கு மாமா, தள்ளி நில்லுங்க,” என்று கத்தினாள்.

மேளக்காரர்கள் சரியாக அந்த நொடியில்தான் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்கள். மண்டபம் முழுக்கக் கேட்டது. சதாசிவம் நாலடி பின்வாங்கி, இரண்டு கையையும் கூப்பி, அவள் கோயில் சிலை என்பதுபோலக் கும்பிட்டார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. காலையிலிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் துணியில் சுற்றினார். ‘பனிக்காற்று ஒத்துக்கல’ என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியப்பாவுக்குத் திடீரென்று ஜித்ராவில் அவசர வேலை முளைத்தது. பந்தி பரிமாறுகிறவர்களில் பாதிப்பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பின்வாசலால் கரைந்தார்கள். மண்டபத்தில் காற்று வர இடம் கிடைத்தது. மேளம் யாரோ ஒருவரின் ஃபோனிலிருந்து ஒலித்தது.

முகூர்த்தம் நெருங்கியது. முடிச்சுப் போட ஆள் வேண்டும். தேவகி அழைப்புக்குக் காத்திராமல் காடிக்கு எதிரே வந்து, ஒரு மனிதர் படுத்துக்கொள்ளும் தூரம் விட்டு நின்றாள். சுபாஷினியே வாய்விட்டுக் கேட்டால்தான் கட்டுவேன் என்று ஏற்கெனவே செல்லாயியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சுபாஷினி கண்ணாடிக்குள் முணுமுணுத்தாள்.

“கேக்கலக்கா,” என்றாள் தேவகி, காதில் கை வைத்து. முதல் தடவையே அவளுக்குக் கேட்டிருந்தது.

“தேவகி, என் தம்பிக்கு நீ முடிச்சுப் போடு.”

“நான் தும்முனா பரவாயில்லையா?”

“டெஸ்ட் பண்ணிட்டுப் போடு.”

அந்த நிலையிலும் அவளுக்கு அதுதான் வாயில் வந்தது. தேவகி சிரித்துவிட்டாள். சுபாஷினி கைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி இடுக்கு வழியே வெளியே போட்ட நான்காவது பெட்டியில் சோதித்து, ஒற்றைக் கோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் மணவறைக்குப் போனாள். சுபாஷினி மீதியைத் திவாகரின் நண்பன் அனுப்பிய காணொளியில் பார்த்தாள். படம் பாதியில் நின்று, தேவகியின் விரல் மட்டும் திரையில் உறைந்து கிடந்தது. அழுதாளா என்று கேட்கக்கூடாது; முகக்கவசத்தை மாற்றினாள், அவ்வளவுதான்.

முடிச்சுப் போட்டவளுக்குப் பெண் வீட்டார் கொடுக்கும் நாத்தனார் சேலையும் தேவகிக்கே போனது. சுபாஷினி தனக்கென்று தானே பினாங்கில் தேர்ந்தெடுத்த மயில் கழுத்து நிறப் பட்டு அது. அந்த வாரக் கடைசியில் தேவகி அதையே கட்டிக்கொண்டு, இரசமும் சோறும் கொண்டுவந்து வெளிக்கதவில் மாட்டினாள்.

சதாசிவம் எப்படியிருக்கிறார் என்றுதான் சன்னலிலிருந்து முதலில் கேட்டாள் சுபாஷினி.

“அவருக்கென்ன, நேத்து டயாலிசிஸ் முடிச்சிட்டு வந்து கடையில உக்காந்து எல்லாரையும் ஏசிக்கிட்டு இருந்தாராம்.”

சுபாஷினி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, “வளைகாப்புக்கு மொத வளையல் நான்தான் போடுவேன். இப்பவே சொல்லிட்டேன்,” என்றாள்.

தேவகி பட்டுக் கொசுவத்தை நீவிக்கொண்டாள். “கல்யாணமாகி ஒரு வாரம் ஆகல. சரி, நீங்களே போடுங்கக்கா. அன்னிக்காவது காடிய விட்டு எறங்குங்க.”