வேடு கட்டிய பிரேக் ஆயில்: கிழக்கேகோட்டையிலிருந்து கயத்தாறு ஓடுதளம் வரை

“சுத்திச் சுத்தி ஓட்டிட்டு அதே எடத்துல வந்து நிக்கறதுக்கு நூத்தியெண்பது கிலோமீட்டர் போகணுமாடீ, ராஜி?”

என் அக்காவின் கணவர், எனக்கு அத்திம்பேர், இதைக் கேட்டது 1979இல், ஓண விடுமுறைக்குச் சற்று முன்பு. அப்போது எனக்கு முப்பத்திநான்கு வயது. கிழக்கேகோட்டையில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து வந்தேன். கயத்தாறு பக்கம் போர்க்காலத்தில் போட்ட ஒரு விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. மதுரையைச் சேர்ந்த சில கார் பிரியர்கள் அனுமதி வாங்கி, புதிதாக வேகமாய் ஓட்டிப் பழகுகிறவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு செய்திருந்தார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. பயந்துகொண்டு ஓட்டுகிறவர்கள் பயமில்லாமல் ஓட்டக் கற்பதற்கான நாள். நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

கார் அப்பாவுடையது. போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மேலாளரிடம் அவர் வாங்கியது. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, பச்சை நிறம். அப்பாவுக்குப் பிறகு அக்காவுக்கும் எனக்கும் பொதுவாக வந்தது. அத்திம்பேர் அதை விற்க ஆள் பார்த்து வைத்திருந்தார். கொல்லத்து டாக்டர் ஒருவர், செவ்வாய்க்கிழமை வருவதாக ஏற்பாடு. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஓடுதளத்துப் பரிசோதனையில் கார் தேறி, அன்றைய ஓட்டத்தின் மூன்று தவணையும் நான் குறையில்லாமல் ஓட்டி முடித்தால் அக்கா தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பாள். இல்லாவிட்டால் நான் விற்பனைக்குக் கையெழுத்துப் போடவேண்டும். மேற்பார்வைக்கு அத்திம்பேரே கூட வருவார்.

கரமனையில் பட்டறை வைத்திருந்த செல்வராஜிடம் காரைக் கொண்டுபோனேன். நாகர்கோவில்காரர். எஞ்சினுக்கு என்ன செய்யலாம் என்று நான் கேட்டதும் சிரித்தார்.

“ஓட்டம் தன்னால வரும் டீச்சரே. நிக்கணும்லா, அதுதான் காரியம்.”

எனவே எஞ்சினுக்கு ஆயில் மாற்றியதோடு சரி. பிரேக் கட்டைகள் புதிதாயின. பேட்டரியை இரும்புப் பட்டையால் கட்டினார். ஆக்ஸிலரேட்டர் திரும்பி வருவதற்கான ஸ்பிரிங் அறுந்தால் கார் நிற்காது என்பதால், பக்கத்திலேயே இரண்டாவது ஸ்பிரிங் ஒன்றை மாட்டினார். சக்கர மூடிகளைக் கழற்றினோம். முகப்பு விளக்கு உடைந்தால் சில்லு சிதறாமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் துணி நாடா ஒட்டினோம். இத்தனைக்கும் ஆன நேரம் இரண்டு சனிக்கிழமைகள், செலவு 210 ரூபாய்.

பிரேக் ஆயிலை மட்டும் நானே வீட்டிலிருந்து கொண்டுபோனேன். மிதியை அழுத்தும் விசையைக் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் திரவம் அது. ஆனி மாதம் வாங்கிய டின்னின் மூடி துருப்பிடித்திருந்ததால், அத்திம்பேர் அதைக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, வாயில் மல்துணியால் வேடு கட்டி, ஊறுகாய் ஜாடிகளின் வரிசையில் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் வேடு கட்டிய எதுவும் கெடாது!

“இதென்ன டீச்சரே, நார்த்தங்காயா?” என்றார் செல்வராஜ்.

“புதுசுதான். டின்லேந்து மாத்தினது.”

அரைமனதாக ஊற்றினார். பிறகு சீல் உடைக்காத டின் ஒன்றைப் பின்பெட்டியில் போட்டார். “சும்மா கெடக்கட்டு. எனக்கு மனசு கேக்கல.”

சனிக்கிழமை காலை 5.10க்குக் கிளம்பினோம். பழவங்காடியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு 5.25க்கு மீண்டும் புறப்பாடு. களியக்காவிளை சோதனைச் சாவடியில் பத்து நிமிடம். நாகர்கோவில் 67 கி.மீ., 7.20. அங்கே இட்லி. ஆரல்வாய்மொழியில் காற்று துணிக்கூரையைப் படபடவென்று அடித்ததால், நிறுத்தி மடக்கிவிட்டேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஏன்க்கா, மேல்பாதிய வீட்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டீயளோ?”

“கீழ்ப்பாதிதானே அண்ணாச்சி ஓடுது?” என்றேன். அத்திம்பேர் மேல்துண்டால் காதை இறுக்கிக்கொண்டார்.

திருநெல்வேலி 9.50. இரவு அங்கே தங்கினோம். அறை ஒன்றுக்கு 18 ரூபாய். ஞாயிறு காலை 28 கி.மீ. ஓட்டி 7.15க்கு ஓடுதளத்தை அடைந்தோம். பதினொரு கார்கள். தார் பீப்பாய்களை வைத்து வளைவுகள் அமைத்திருந்தார்கள். ஒரு சுற்று 2.4 கி.மீ., ஒரு தவணைக்கு ஐந்து சுற்று. பள்ளி அணிவகுப்புக்கு உடுத்தும் காக்கிக் கால்சட்டையில்தான் போயிருந்தேன். பெண் நான் ஒருத்திதான். பார்த்தவர்கள் என்னை விட்டுவிட்டு அத்திம்பேரிடம் போய், “சார், நீங்கதான ஓட்டுறீங்க?” என்று கேட்டார்கள்.

பரிசோதகர் மதுரைக்காரர், நாற்பது வயதிருக்கும். காரில் கழன்று உருளக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி. என் இருக்கைக்கு அடியில் கைவிட்டு ஒரு முழுத் தேங்காயை எடுத்தார்.

“இது என்ன மேடம், எக்ஸ்ட்ரா பிரேக்கா?”

ஓடுதளத்திலும் ஒன்று உடைக்கலாமென்று அத்திம்பேர் எனக்குத் தெரியாமல் வைத்தது. அது உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போயிருந்தால் மிதியை அழுத்தவே முடியாது. தேங்காயும் பின்பெட்டியிலிருந்த சாமான்களும் அத்திம்பேரோடு வேப்பமரத்தடிக்குப் போயின. கார் தேறியது.

முதல் தவணை நிதானமாக முடிந்தது. இரண்டாவதில் நான்காம் சுற்று. நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 110 கி.மீ. வேகம். மிதியை அழுத்தினேன், அது தரைவரை போய்விட்டது. திரும்பத் திரும்ப மிதித்தேன். கியரை மூன்றுக்கும் இரண்டுக்கும் இறக்கினேன். வளைவில் திரும்ப முயலாமல், இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே நேராகப் புல்வெளிக்குள் விட்டேன். முள்வேலிக்குப் பத்தடி முன்னால் கார் நின்றது.

பரிசோதகர் ஓடிவந்தார். “போதும் மேடம். பத்திரமா நின்னுட்டீங்க, அதுவே பெருசு. மத்தியானம் என் கார்ல பக்கத்துல உக்காருங்க, நான் ரெண்டு சுத்து காட்டுறேன்.”

“உங்க விதித்தாள் என்ன சொல்றது? சரி பண்ணி, மறுபடி பரிசோதிச்சா மூணாவது தவணைக்கு வரலாமோ?”

“வரலாம். ஆனா…”

“அப்போ ரெண்டரை மணிக்கு வரேன்.”

காரணம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆடி மழையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். பிரேக் ஆயிலும் அப்படித்தான், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில், பிரேக் சூடானதும் கொதித்து ஆவியாகும். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி நுனியை அடைத்து அழுத்துங்கள்; அசையாது. காற்றை நிரப்பி அழுத்தினால் உள்ளே போகும். என் மிதி போனது அப்படி. வேடு கட்டிய துணி எறும்பைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. பத்து வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த நான் அதைப் பார்த்துக்கொண்டே எடுத்துப்போயிருக்கிறேன்.

“அத்திம்பேர், அந்தக் குப்பியைக் கழுவினேளா?”

“கழுவாமயா ஊத்துவா? நல்லா வெந்நீர்ல அலம்பினதாக்கும்!”

“துடைச்சேளா?”

“துடைக்கணுமா என்ன? தானே காயாதோ?”

பழைய ஆயிலை முழுதும் வெளியேற்றிப் புதியதை நிரப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் சக்கரத்தடியில் படுத்துச் சிறு திருகைத் திறந்து மூடவேண்டும். அங்கே மற்றவர்கள் எல்லாரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கார் ஆறட்டுமென்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பிறகு அத்திம்பேரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, சீல் டின்னோடு நான் கீழே படுத்தேன்.

“அமுக்குங்கோ.”

“அமுக்கியாச்சு.”

“பிடிச்சுக்கோங்கோ. நான் சொல்றவரை விடப்படாது.”

“கால் மரத்துப் போறதுடீ!”

“விட்டேள்னா காத்து உள்ள போகும், மொதல்லேந்து ஆரம்பிக்கணும்.”

“அட கஷ்டமே, பிடிச்சுண்டிருக்கேன், நீ திருகு!”

மிதியிலிருந்து மிகத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி நான்கும் முடிய ஒன்றேகால் மணி நேரம். அவர் ஒருமுறைகூட முன்னதாக விடவில்லை. 2.20க்குப் பரிசோதகர் வந்து முழு பலத்தோடு மிதித்துப் பார்த்தார். கல் போல நின்றது. யார் செய்தது என்று கேட்டார்.

“அமுக்கினது நானாக்கும்,” என்றார் அத்திம்பேர்.

மூன்றாம் தவணையில் ஐந்து சுற்றும் ஓட்டினேன். அதே நேர்ப்பாதை, அதே வளைவு. முதல் சுற்றில் முன்கூட்டியே பிரேக் பிடித்தேன்; ஐந்தாவதில் பிடிக்கவேண்டிய இடத்தில் பிடித்தேன்.

4.10க்குத் திரும்பக் கிளம்பினோம். கொஞ்சதூரம் போனதும் அவர் ஆரம்பித்தார். “இருந்தாலும் நடுவுல ஒருதரம் நின்னுதே. நம்ம பேச்சுப்படி பார்த்தா…”

“நின்னுது. எறங்கி சரி பண்ணினேன். அந்தப் பேச்சுக்கு நான் சம்மதிச்சிருக்கவே கூடாது. அப்பா காரை வச்சுக்க நான் யாருக்கும் பரீட்சை எழுதிக் காட்டவேண்டாம். கையெழுத்துப் போடமாட்டேன், அத்திம்பேர்.”

வள்ளியூரைத் தாண்டியாயிற்று. பிறகு, “கடைசிச் சுத்துல முன்னாடி ஒரு வெள்ளைக் கார் போச்சே. அதை ஏன் நீ தாண்டலை?” என்றார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். வாசலுக்கு நானே போய், கார் விற்பனைக்கில்லை என்று சொல்லி அனுப்பினேன். அத்திம்பேர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை. இன்னும் பதினாறு வருடம் அந்தக் காரை ஓட்டினேன்.

இன்று நீங்கள் போவதென்றால் கோவையிலும் சென்னைக்கு அருகிலும் முறையான தளங்கள் உள்ளன. பழைய ஓடுதளங்களைத் தேடிப் போகாதீர்கள். புகைக்குழாய்க்கும் அகலச் சக்கரத்துக்கும் செலவழிக்கச் சொல்கிறவர்களிடம் தலையாட்டிவிட்டு, அந்தப் பணத்தைப் பிரேக்குக்குப் போடுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம், சீல் உடைக்காத டின்னிலிருந்து புது ஆயில் நிரப்புங்கள், மிச்சத்தைச் சேமிக்கவேண்டாம். ஓட்டும் நாளுக்கு முந்தைய இரவே ஊர்போய்ச் சேர்ந்து தூங்குங்கள். உங்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த நேரத்தில் சக்கர நட்டுகளை இன்னொரு முறை முறுக்கலாம்.

நாளைக் காலை உங்கள் காரில் ஏறி, எஞ்சினைக் கிளப்பாமல் பிரேக் மிதியை அழுத்தி, மனதில் முப்பது எண்ணும்வரை அப்படியே பிடியுங்கள். அது மெல்லக் கீழே இறங்கினால் காரை வெளியே எடுக்காதீர்கள்.