கிரேக்க மாலுமிக்குக் கொற்கையிலிருந்து ஒரு பதில்

முதலில் மன்னிப்பு. மேலே படத்தில் இருக்கும் தாள் என் கையெழுத்து. வரிகள் அலையில் ஆடும் வள்ளம் போல மேலும் கீழும் போகின்றன. 'ழ' வரும் இடத்தில் எல்லாம் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. எழுபத்தாறு வயதில் எழுதப் பழகிய கை இவ்வளவுதான் சொல்பேச்சு கேட்கும். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக மருமகள் கீழே தட்டச்சு செய்தும் போட்டிருக்கிறாள். எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன், சங்கு குளித்தவன். என் அப்பா முத்து குளித்தவர். எங்கள் தெருவில் மாலை நேரம் நடக்கும் முதியோர் வகுப்பில் ஒன்றரை வருடமாகப் படிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் நிறைவு விழா. தெரு முழுக்கக் கூடியிருக்க, ஆளுக்கு ஒரு தாளைச் சத்தமாக வாசிக்கவேண்டும். எனக்கு வந்தது பழைய கிரேக்கர்களைப் பற்றிய தாள்.

அந்தத் தாள் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ராஜா இல்லாமல் ஊர் கூடிக் கை தூக்கி முடிவெடுத்தார்களாம். மலைச் சரிவைப் படிக்கட்டாக வெட்டி, வெயிலில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்களாம். சந்தையில் நின்று நாள் முழுக்க வாதாடினார்களாம். எங்கள் மீன் ஏலக் கூடத்தில் விட்டால் நன்றாகவே பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் வெள்ளிச் சுரங்கத்துக்குள் அடிமைகளை இறக்கினார்கள் என்றும் இருந்தது. கடைசிப் பத்தியில் நம் கொற்கை வந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க மொழியில் எழுதிய ஒரு மாலுமி அந்தத் துறைமுகத்தைக் குறித்து வைத்திருக்கிறான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வரியை எழுத்துக் கூட்டினேன். அங்கே முத்து எடுப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள்.

என் ஆட்களைப் பற்றி நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் செய்தி இதுதான்.

பின்வரிசையில் இருக்கும் உப்பளத்து அம்மாள் விடவில்லை. "அண்ணாச்சி, ஒங்க பாட்டன் பூட்டன்லாம் செயில்லயா கெடந்தாவ?" என்றார். வகுப்பே சிரித்தது. பிடிக்காவிட்டால் அந்த வரியை விட்டுவிடலாம், அல்லது வேறு தாள் தருகிறேன் என்றார் டீச்சர். எனக்கு இரண்டும் ஆகவில்லை. வரியை விட்டால் பயந்தவன். வாசித்துவிட்டு உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டவன். அந்த மாலுமி பார்த்த இடத்தில் நானும் நின்று பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பழைய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் வண்டி பிடித்தேன். கூட வந்தவர் சூசை, என் மனைவியின் தம்பி. முக்காணி வரை ஆளுக்கு முப்பது ரூபாய். தூரம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வலது பக்க ஜன்னல் வேண்டாம், இடது பக்கம் உட்காருங்கள். பழையகாயல் பக்கம் உப்பு குவித்திருப்பது நன்றாகத் தெரியும். முக்காணியில் இறங்கி ஆட்டோ பேசினோம். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் ஏரல்காரர்.

துறைமுகத்தைத் தேடி வருபவர்கள் ஏமாந்துபோவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். கொற்கையில் கடல் இல்லை. தாமிரபரணி மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. கிரேக்கக் கப்பல் நின்ற இடம் எது என்று கேட்டால் வாழைத் தோட்டத்தைக் காட்டுகிறார்கள். ஒரு பழைய வன்னி மரம் இருக்கிறது. பெரிய குளமும் அதை ஒட்டி ஓர் அம்மன் கோயிலும் இருக்கின்றன. வாழைக்கு வெட்டிய வாய்க்காலில் சூசை குனிந்து ஒரு சங்குத் துண்டை எடுத்தார். துடைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், திரும்ப அங்கேயே வைத்துவிட்டார்.

"மச்சான், ஒம்ம கிரேக்கன் நெசமாவே வந்திருப்பான் போல."

"வந்ததுல சந்தேகமில்ல. பாத்ததுலதான் சந்தேகம்."

குளத்தங்கரைக்கு வந்ததும் எனக்குத் தண்ணீரைத் தொடவேண்டும் என்று தோன்றியது. சரிவு முழுக்கப் பாசி. சூசை தடுத்தார்.

"வழுக்கும்வே. இங்கன நின்னு கும்பிட்டாப் போதும்."

"கும்பிடவா வந்தேன்? தண்ணியத் தொடாம ஊருக்கு வரமாட்டேன்."

அவர் தன் துண்டையும் என் துண்டையும் சேர்த்து முடிந்து, என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றார். நான் இறங்கினேன், கையை நனைத்தேன், முகத்தில் தடவினேன். மெல்ல ஏறி வரும்போது மேலே ஆட்டோவில் சாய்ந்து நின்ற ஓட்டுநர் குரல் கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, ஆளக் கட்டி இழுத்துட்டு வாரிய? எந்த ஸ்டேஷனுக்கு?"

"ஆயுள் தண்டனைப்பா. எங்க அக்கா புருசன்" என்றார் சூசை.

ஓட்டுநர் சிரித்தார். நான் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால் வலி என்று சூசை பயந்துபோனார். வலி இல்லை. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முத்தோ சங்கோ குளிப்பவன் கயிற்றோடு கடலுக்குள் இறங்குவான். வள்ளத்தில் இருந்து அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவன். மற்ற யாரிடமும் கொடுப்பதில்லை. கயிறு ஒருமுறை அசைந்தால் தூக்கவேண்டும். அந்த நேரம் பிடிப்பவன் அசந்தால் அவன் அக்காதான் தாலி இழப்பாள். என் அப்பாவுக்கு என் தாய்மாமா பிடித்தார். எனக்குச் சூசை பிடித்தார். "அக்காவுக்காகப் பிடிச்சேன்வே, ஒமக்காக இல்ல" என்று இன்றைக்கும் சொல்லுவார்.

தூரத்துக் கப்பலில் நின்று பார்த்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? துணி இல்லாத ஒருவன், உடம்பில் கயிறு, மறுமுனை இன்னொருவன் கையில். சுரங்கத்தில் அடிமையை இறக்கும் ஊரைத் தெரிந்தவன் வேறு என்ன நினைப்பான்? நம் ஏரல்காரருக்கே அப்படித்தானே தோன்றியது.

திரும்பும் வழியில் சூசை கேட்டார்: "ஒருவேள நெசமாவே கைதியா இருந்தா?"

முக்காணி வரும்வரை யோசித்தேன். இருக்கலாம். நான் அங்கே இல்லை. அப்படியே இருந்தாலும் அவர்கள் என் ஆட்கள்தான், விட்டுக்கொடுக்கமாட்டேன். முத்தை வாங்கிக் கப்பலில் ஏற்றியவனுக்கு, எடுத்தவன் கையைப் பார்த்து வெட்கம் வரவில்லையே, எனக்கு எதற்கு?

போக நினைப்பவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் கடுமை. தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். குளத்தில் இறங்குவதானால் பிடித்துக்கொள்ள நம்பிக்கையான ஓர் ஆளையும் கூட்டிப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை நான் விடப்போவதில்லை. குற்றவாளிகள் என்ற சொல்லை உப்பளத்து அம்மாளுக்குக் கேட்கும்படி உரக்க வாசிப்பேன். பிறகு தாளில் இல்லாத என் வரி ஒன்றையும் வாசிப்பேன். அதை எழுதி முடிக்க இரண்டு நாள் ஆனது: 'மாலுமி அவர்களே, நீங்கள் கயிற்றைப் பார்த்தீர்கள், அதைப் பிடித்திருந்தவரைப் பார்க்கவில்லை, அவர் பெயர் சூசை, இதோ முன்வரிசையில் இருக்கிறார்.'

முன்வரிசையில் உட்கார அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. உட்கார்ந்தாரா இல்லையா என்று அடுத்த வாரம் இந்தக் கோணல் கையாலேயே எழுதிச் சொல்கிறேன்.