பவளராணி ரீச்சரின் குடை ரொக்கெட்

செய்தி வந்தபோது நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்மைத் தேடிக்கொண்டிருந்தேன். அது பவளராணி ரீச்சர் வீட்டில் அல்லவா கிடக்கிறது என்று நினைவு வர, எடுத்ததைத் திருப்பித் தராத மனிசி என்று வாய்க்குள் புறுபுறுத்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய மகள் அழைத்தார்.

"மாஸ்டர், அம்மா விடியப்புறம் நித்திரையிலயே போயிட்டா. முகத்தில ஒரு பயமும் இல்லை."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'அப்பாடா' என்றுதான் இருந்தது. ரீச்சரை அறிந்தவர்களுக்கு இது தப்பாகப் படாது. அவருக்குச் சாவைப் பற்றிய பயம் இருந்ததில்லை. சத்தத்தைப் பற்றிய பயம்தான் இருந்தது. ஷெல் விழுந்த காலத்தில் பிடித்தது, பிறகு விடவேயில்லை. கடைசியில் அது இல்லாமல் போயிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எங்கள் ஊரான மடத்துவெளியில் நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் மனைப்பொருளியல், நான் விஞ்ஞானம். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ஒரு விளையாட்டுப் போட்டியன்று ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் வெடி கேட்டதும், சேலை கட்டி, பூ வைத்து, பரிசு கொடுக்கக் காத்திருந்த ரீச்சர் மேசைக்குக் கீழே போய்விட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தார். ஆனால் அன்று முழுக்க யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை, தேத்தண்ணிக் கோப்பையோடு என்னிடம் கேட்டார்: "மாஸ்டர், எங்களால ஒரு ரொக்கெட் செய்ய ஏலுமோ?"

"உங்களுக்கென்ன விசரோ ரீச்சர்?"

"ஆரோ வெடிக்கேக்கைதானே எனக்குப் பயம். நானே விட்டால் எப்ப சத்தம் வரும் எண்டு எனக்குத் தெரியும்தானே. ஒருக்காலாவது கீழ விழாமல் நிண்டு பாக்கவேணும்."

சம்மதித்தேன்.

ரொக்கெட் விடுவதைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. விஞ்ஞானம் படிப்பித்தால் தெரியும் என்று நினைப்பது அவருடைய பெருந்தன்மை. கனடாவில் இருக்கும் என் தம்பி, "அண்ணை, பெட்டியாவே விக்கினம், வாங்கி அனுப்பட்டோ?" என்று கேட்டான். அந்த ரொக்கெட்டுக்கு மருந்து அடைத்த குழாய் வேண்டுமாம். வெடிமருந்தைத் தபாலில் எடுப்பித்து, இந்தத் தீவில் வைத்துக்கொண்டு, விளையாட்டுச் சாமான் என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? "ஒண்டும் அனுப்பாதை" என்று போனை வைத்தேன். கடைசியில் வீட்டில் கிடந்ததை வைத்தே தொடங்கினோம். ஒரு பிளாஸ்ரிக் போத்தல், ஒரு தக்கை, அதைத் துளைத்துச் செருகிய சைக்கிள் ரியூப் வால்வு, என்னுடைய பம். போத்தலுக்குள் தண்ணீரை விட்டு, தக்கையால் அடைத்துக் கவிழ்த்துக் காற்றை அடித்தால், அமுக்கம் தாங்காமல் தக்கை கழன்று, தண்ணீர் கீழே பீறிட, போத்தல் மேலே போகும்.

போகும் என்றுதான் கைத்தொலைபேசியில் பார்த்த படத்தில் இருந்தது. நாங்கள் கழுத்து மட்டும் தண்ணீரை நிரப்பியதால் எங்கள் போத்தல் சரிந்து என்னைக் குளிப்பாட்டியது. அடுத்தது கடைத் தண்ணீர்ப் போத்தல். மெல்லிய பிளாஸ்ரிக், பம்மை அடிக்க அடிக்க வயிறு ஊதி வெடித்தது. ரீச்சர் மண்ணில் குப்புற விழுந்தார். நல்லகாலம், பம்மின் குழாயை நீட்டித் தள்ளி நின்றிருந்தோம். எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, "இது சரிவராது. சோடாப் போத்தல் எடுப்பம். அது தடிப்பு" என்றார். சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டபோது அது பனைக்கு மேலே போயிற்று. ரீச்சர் அப்போதும் விழுந்துதான் கிடந்தார். "போனதோ மாஸ்டர்?" என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

போவதை விட, அது திரும்பி வருவதுதான் அவருக்குக் கூடப் பயம். "மேல இருந்து வாற சாமான் மெதுவா வரவேணும்" என்று சொல்லி, உடைந்த குடை ஒன்றை எடுத்துவந்தார். குடையின் சீலைத் துணியைச் சிறிதாக வெட்டி, ஓரம் தைத்து, நூல் கட்டிப் பரசூட் ஆக்கினார். குடைக் கம்பிகளை நிலத்தில் குத்திப் போத்தலை நிறுத்தினோம். பரசூட்டை மடித்து உள்ளே வைத்து, ஐஸ்கிறீம் கோப்பையை இறுக்காமல் மேலே தொப்பியாகக் கவிழ்த்தோம். உச்சியில் போத்தல் சரியும்போது தொப்பி கழன்று குடை விரியவேண்டும்.

அதை எல்லோருக்கும் காட்டுவது என்று முடிவாயிற்று. சனம் திடுக்கிடக் கூடாது, முன்கூட்டியே அறிவியுங்கள் என்றார் கிராம சேவகர். ரீச்சரே எழுதிக் கொடுத்தார், கோயில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்: "இன்று பின்னேரம் வயல்வெளியிலிருந்து ரொக்கெட் விடப்படும். யாரும் பயப்பட வேண்டாம்."

எங்கள் ஊரில் ஒலிபெருக்கி 'பயப்பட வேண்டாம்' என்று சொன்ன நாட்களில் எல்லாம், பயப்பட நிறைய இருந்தது. பின்னேரம் வயல்வெளிக்குப் போனால் ஒரு குஞ்சு குருமான் இல்லை. தேடிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். ஊர் முழுக்க மண்டபத்தில், ஷெல் விழுந்த காலத்தைப்போல நகைப் பையும் அடையாள அட்டையுமாகக் குந்தியிருந்தது. ஒருவர் ஆட்டையும் அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரீச்சர் தன் கைப்பையைத் திறந்து காட்டினார். பரசூட்டுக்கு அடியில் அவருடைய அடையாள அட்டையும், பெட்டகத்தில் பூட்டிவைக்கும் தாலிக்கொடியும் இருந்தன.

"எழுதினது நான்தான் மாஸ்டர். அது ஸ்பீக்கரில கேட்டவுடன நானும் எடுத்துவைச்சிட்டன்" என்றார். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "நான் ஒராள்தான் இப்பிடி எண்டு இவ்வளவு நாளும் நினைச்சனான்."

மேசைக்குக் கீழே போன வெட்கம் அவரை விட்டுப் போனதை அந்த இடத்தில் கண்ணால் கண்டேன். விறுவிறென்று போய் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நான் பவளராணி ரீச்சர் கதைக்கிறன். நானும் ஐடென்ரிகார்டோடதான் வந்தனான். வாங்கோ, சேர்ந்து பாப்பம். சத்தம் வர முதல் நான் சொல்லுவன்."

சனம் பையும் கையுமாக வயல்வெளிக்கு வந்தது. பம்மை அவர்தான் அடித்தார். "இப்ப வரப்போகுது!" என்று கத்தினார். தக்கை வெடிச் சத்தத்தோடு கழன்றது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் ரீச்சரைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார். மேலே கறுப்புக் குடைச் சீலை விரிந்து, ஆடி அசைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்," என்றார், "நான் நிக்கிறன்."

அதற்குப் பிறகு எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் வெடி கொளுத்துகிறவர், திரியில் நெருப்பு வைக்க முதல் "இப்ப வரப்போகுது" என்று குரல் கொடுப்பது வழக்கமாயிற்று. ரீச்சரின் செத்தவீட்டில் வெடியே வேண்டாம் என்று சில உறவினர்கள் சொன்னார்கள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "சொல்லிப்போட்டுக் கொளுத்துங்கோ, அம்மா பயப்படமாட்டா" என்றார். அப்படியே சொல்லிச் சொல்லிக் கொளுத்தினார்கள்.

பம்மையும் குடைச் சீலையையும் மகள் என்னிடம் தந்துவிட்டார். ஆனால் என்னிடம் மிஞ்சியிருப்பது அவை மட்டும் அல்ல. விளையாட்டுப் போட்டியன்று வெடி கேட்டபோது, நானும் கதிரைப் பிடியை நகம் பதியப் பற்றிக்கொண்டுதான் இருந்தேன். மேசைக்குக் கீழே இருந்து ரீச்சர் அதைக் கண்டிருக்க வேண்டும். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

நேற்றுப் பின்னேரம் மழைக்கு முன் பெரிதாக இடித்தது. கை தானாகக் கதிரையின் பிடிக்குப் போயிற்று. அதை விட்டுவிட்டு எழும்பி, முற்றத்தில் போய் நின்று, மேலே பார்த்துச் சொன்னேன்: "நானும் நிக்கிறன் ரீச்சர்."