கரும்பு டிராக்டருக்குப் பின்னால்

அரியலூரில் லாரியில் சிமெண்டு ஏற்றி, பெரம்பலூர் தாண்டிச் சென்னை ரோட்டில் போவேன். காலை எட்டுக்குள் எங்கள் ஊர் நிறுத்தத்தைக் கடந்தால், பள்ளி பஸ்ஸுக்கு நிற்கும் மகளைப் பார்க்கலாம். ஹாரன் அடிப்பேன், கை ஆட்டுவாள். எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

லாரிகள் இடது ஓரமாகவே போக வேண்டும், முந்தக் கூடாது என்று சட்டம் வரப்போகிறதாம். இப்போதே பழகச் சொன்னார் முதலாளி. அன்று எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போன கரும்பு டிராக்டரின் பின்னாலேயே ஊர்ந்தேன். நிறுத்தம் காலியாக இருந்தது.

சாயங்காலம் மகள் போனில் கேட்டாள்.

"தூங்கிட்டீங்களாப்பா?"

"டிராக்டர் பின்னாடி மாட்டிக்கிட்டேன் தாயி."

"முந்திட்டு வர்றதுதானே?"

மறுநாள் டீக்குக்கூட நிறுத்தவில்லை. அப்படியும் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். இண்டிகேட்டரைப் போட்டேன், அணைத்தேன். நிறுத்தம் கண்ணில் படும் முன்பே, பஸ் ஏறுவதற்குள் அவள் காதிலாவது விழட்டும் என்று ஹாரன் அடிக்கத் தொடங்கினேன்.