பெலீஸில் ஆறு வாரப் படிப்பித்தலும் டிக்கால் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடியும்

அண்ணையின் மகள் இந்தக் கோடை விடுமுறையில் பெலீஸ் நாட்டுக்குப் போய் ஒரு மாதம் படிப்பிக்கப் போகிறாள். மெக்சிக்கோவுக்குக் கீழே, குவாத்தமாலாவுக்கும் கரீபியன் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் சின்ன நாடு அது. "மாமி, நீங்களும் அங்க போனனீங்கள் தானே, என்ன கொண்டுபோகோணும்?" என்று கேட்டாள். பதில் எழுதத் தொடங்கினேன், அது நீண்டுகொண்டே போனது. அவளைப் போலப் போக நினைக்கும் வேறு சிலரும் இந்தப் பக்கத்தை வாசிப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் போனது 1994 பெப்ரவரி நடுப்பகுதியில், திரும்பியது மார்ச் கடைசியில். விலைகள் எல்லாம் அந்தக் காலத்து விலைகள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. லண்டனில், மனோர் பார்க்கில் அம்மாவோடும் அண்ணையோடும் இருந்தேன். ஆசிரியர் பயிற்சியில் மூன்றாம் வருடம். எங்கள் கல்லூரியிலிருந்து வருடத்துக்கு இரண்டு பேரைக் கற்பித்தல் பயிற்சிக்குப் பெலீஸுக்கு அனுப்புவார்கள். அங்கே பள்ளிக்கூட மொழி ஆங்கிலம் என்பதுதான் காரணம். அந்த வருடம் என்னையும் என் வகுப்புத் தோழி ஹெலனையும் தெரிவுசெய்தார்கள். அண்ணை வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து நாடான குவாத்தமாலாவில் இன்னும் உள்நாட்டுச் சண்டை ஓயவில்லை என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்.

"நாங்கள் ஓடி வந்தது காணாதே பிள்ளை? நீ இன்னொரு சண்டைக்குப் பக்கத்தில போய் நிக்கப்போறியோ?" என்றார் அம்மா.

"சண்டை பக்கத்து நாட்டிலயம்மா. நான் இங்காலப் பக்கம்தான் நிப்பன்." அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

ஹெலனிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தது. என்னிடம் இருந்தது பழுப்பு நிறப் பயணப் புத்தகம். அகதி என்று முழுதாக ஏற்றுக்கொள்ளாமல், இப்போதைக்கு இருங்கள் என்று விட்டவர்களுக்கு அந்நாளில் அதைத்தான் கொடுப்பார்கள். அட்டையில் பிரிட்டன் என்றிருக்கும், உள்ளே இலங்கைப் பிரஜை என்றிருக்கும். அதற்கு எல்லா நாடுகளும் விசா கேட்டன. பெலீஸுக்கு ஒன்று, மயாமியில் விமானம் மாறுவதற்கு அமெரிக்காவுக்கு ஒன்று. வார இறுதியில் குவாத்தமாலாவுக்குள் இருக்கும் டிக்கால் என்ற பழைய மாயா நகரத்தைப் பார்க்கலாம் என்று ஹெலன் ஆசைப்பட்டதால் அதற்கும் ஒன்று. மூன்றையும் எடுத்து முடிக்கும்வரை எனக்குச் சரியான நித்திரை இல்லை. எடுத்த பிறகும் இல்லை.

லண்டன் கட்விக்கிலிருந்து மயாமி ஒன்பதரை மணிநேரம், அங்கிருந்து பெலீஸ் சிட்டி இரண்டு மணிநேரம். போய்வர மாணவர் விலையில் நானூற்று அறுபது பவுண்ஸ். மயாமியில் என் புத்தகத்தை ஒரு அதிகாரி உள்ளே கொண்டுபோய்விட்டு, அடுத்த விமானத்துக்குக் கூப்பிடும் நேரத்தில்தான் திருப்பித் தந்தார். பெலீஸ் சிட்டியிலிருந்து மேற்கே சான் இக்னாசியோ ஊர் 115 கிலோமீற்றர். பழைய அமெரிக்கப் பள்ளிக்கூட பஸ்தான் ஓடும். மூன்று மணிநேரம், ஐந்து பெலீஸ் டொலர். முழங்காலை மடக்கி உட்காரப் பழகிக்கொள்ளுங்கள், இருக்கைகள் பிள்ளைகளின் அளவு.

பள்ளிக்கூடம் மலைச்சரிவில், மரத்தூண்களின் மேல் நின்றது. எனக்கு எட்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. பிள்ளைகள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவார்கள், முற்றத்தில் கிரியோல் என்ற உள்ளூர் ஆங்கிலக் கலப்புமொழி பேசுவார்கள், வகுப்பில் ஆங்கிலம் பேச வேண்டும். எனக்கு அதில் பிரச்சினை இருக்கவில்லை. பிரச்சினை என் முகத்தில் இருந்தது. பெலீஸின் தெற்கே டொலீடோ என்ற மாவட்டத்தில், அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் சந்ததி வாழ்கிறது. ஊரில் எல்லோரும் என்னை அந்தப் பக்கத்துப் பெண் என்றே நினைத்தார்கள். சந்தைக்குப் போனால் ஹெலனுக்கு வணக்கம் சொல்லுவார்கள், என்னிடம் டொலீடோவில் மழை எப்படி என்று கேட்பார்கள்.

மூன்றாவது வாரம் மரிசோல் என்ற பிள்ளை வாசிப்பு வேலையைச் செய்யாமல் வந்ததால், மதிய இடைவேளையில் அவளை என்னோடு இருத்தி வாசிக்க வைத்தேன். மறுநாள் அவள் தாய் வந்துவிட்டார். அமெலியா என்று பெயர். எல்லைக்கு அப்பால் மலிவாகத் துணி வாங்கிவந்து இங்கே விற்பவர். தலைமை ஆசிரியையின் அறையில், நான் நிற்கும்போதே சொன்னார்: "லண்டனிலிருந்து ஆசிரியை வருகிறார் என்றீர்கள். ஒருத்தி வந்திருக்கிறாள், மற்றவள் டொலீடோக்காரி. என் பிள்ளையை ஏன் டொலீடோக்காரியிடம் விட்டீர்கள்?"

நான் லண்டனிலிருந்துதான் வந்தேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். என் மேற்பார்வை ஆசிரியர் லண்டனிலிருந்து வந்து திங்கட்கிழமை காலை என் பாடத்தைப் பார்ப்பதாக இருந்தது. இந்த முறைப்பாடும் அவர் காதுக்குப் போகும் என்று நினைத்தேன். டிக்காலுக்கு வரவில்லை என்று ஹெலனிடம் சொன்னேன். அறையில் தனியே இருந்து யோசித்தால் இன்னும் மோசம் என்று அவள் விடவில்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு எல்லைக்குப் புறப்பட்டோம். சான் இக்னாசியோவிலிருந்து 15 கிலோமீற்றர். பாலத்தைக் கடந்தால் மெல்ச்சோர் என்ற குவாத்தமாலா ஊர். அங்கே பஸ் ஏறி ஏறத்தாழ 65 கிலோமீற்றர் போனால் டிக்காலுக்குத் திரும்பும் சந்தி வரும். ஆளுக்குப் பத்து கெட்சால், அதுதான் குவாத்தமாலாக் காசு. அப்போது தார் இல்லாத பாதை. மார்ச் மாதம் வெள்ளைப் புழுதி கிளம்பும், முகத்துக்குத் துணி கட்டாயம் வேண்டும். பஸ்ஸில் ஏறினால் முன் இருக்கையில் அமெலியா. வழியில் ஒரு கிராமத்தில் இருக்கும் தமக்கையைப் பார்க்கப் போகிறாராம். ஹெலனுக்குத் தலையசைத்தார், எனக்கு இல்லை.

ஒரு மணிநேரம் போயிருக்கும். பஸ் வேகம் குறைந்தது. புழுதிக்குள் குறுக்குக் கட்டையும் மண்மூட்டைகளும் தெரிந்தன. யாரும் எதுவும் சொல்லும் முன்னர் நான் எழுந்து, பயணப் புத்தகத்தை வலது கையில் எடுத்து, பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஹெலன் சிரித்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும், இறங்கச் சொல்வார்கள் என்று?"

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயது. அந்த வழியில் எத்தனை இடத்தில் இறங்கி ஏறினோம் என்பது என் கால்களுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஹெலனின் கடவுச்சீட்டைத் திறக்காமலே கொடுத்தார்கள். என் புத்தகத்தை ஒரு சிப்பாய் முன்னும் பின்னும் திருப்பினான். மேலதிகாரியிடம் கொண்டுபோனான். அவர் அட்டையைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். விசாவைக் காட்டினேன், ஆசிரியை என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன். "எங்கே போகிறாய்? வடக்கேயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தகரக் கொட்டகையைக் காட்டினார்.

கொட்டகை நிழலில் நாலைந்து ஆண்கள் நிலத்தில் குந்தியிருந்தார்கள். அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போகவென்று முகவர்கள் அந்த வழியால் ஆட்களைக் கொண்டுபோன காலம் அது. அன்று விடிய ஒரு லொறியிலிருந்து இறக்கப்பட்டவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் சுவரோரம் நின்றேன். ஒருவர், நாற்பது வயது இருக்கும், நிலத்தைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, தமிழோ?"

"ஓம்." யோசிக்கும் முன்னர் வாயில் வந்துவிட்டது.

வாசலில் நின்ற சிப்பாய் திரும்பினான். இவனைத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். தெரியாதவனோடு உன்னால் எப்படிப் பேச முடிகிறது என்று கேட்டான். அவன் வெளியே போய் மேலதிகாரியிடம் ஏதோ சொல்ல, அவர் என் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். பஸ் சாரதி ஹோர்னை அடித்தார். பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். ஹெலன் கீழே நின்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தாள், யாருக்கும் விளங்கவில்லை. திங்கட்கிழமைப் பாடம், அம்மா, பெலீஸ் விசா, எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் சுற்றின.

அப்போது அமெலியா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மேலதிகாரியிடம் போனார்.

அவர் பேசிய வேகத்தில் எனக்குப் பாதிதான் விளங்கியது. மிச்சத்தை அவரே பிறகு சொன்னார். "இவள் லண்டன் ஆசிரியை. என் மகளின் ஆசிரியை. வேலை செய்யவில்லை என்று சாப்பாட்டு நேரத்தில் என் பிள்ளையைப் பிடித்து இருத்தியவள். நானே தலைமை ஆசிரியையிடம் போய் இவளைப் பற்றி முறைப்பாடு சொன்னேன். வடக்கே ஓடுகிறவளுக்கு என் பிள்ளையின் வாசிப்பில் என்ன அக்கறை?"

மேலதிகாரி சிரித்தார். சிப்பாய்களும் கிட்டப் போய்க் கேட்டார்கள். கொட்டகை வாசலில் யாரும் இல்லை.

"என்ர பேர் யோகநாதன். லண்டன் எண்டது காதில விழுந்தது. அங்க மோர்டனில தங்கச்சி இருக்கிறா" என்றார் அந்த மனிதர். "நம்பர் சொல்லுறன், மனதில வைச்சிருக்க ஏலுமோ?"

"சொல்லுங்கோ."

ஒவ்வொரு இலக்கமாகத் தமிழில் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். "ஒரு கிழமையா ஒருத்தருக்கும் தெரியாது நாங்கள் எங்க எண்டு. இஞ்ச பிடிபட்டுப் போனன், உயிரோட இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ." அதற்குள் புத்தகத்தைத் திருப்பித் தர என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். சரி என்று தலையசைக்கத்தான் நேரம் இருந்தது.

பஸ்ஸில் அமெலியா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நன்றி சொன்னேன். "மரிசோல் இப்போது வீட்டில் சத்தம் போட்டு வாசிக்கிறாள், தூங்க முடியவில்லை" என்றார். மேலதிகாரியிடம் சொன்னதை எனக்கு மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, தமக்கையின் ஊரில் இறங்கினார்.

நம்பரை எழுத எனக்குப் பயம். திரும்பும் வழியிலும் அதே சாவடிதான், பையைக் கிளறி அதைக் கண்டால் என்ன ஆகும்? ஹெலனுக்கு நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு எல்லாம் போய், "எனக்கும் சொல்லு, இரண்டு பேருக்குத் தெரிந்தால் நல்லது" என்றாள். டிக்காலில் இருந்த அந்த மாலையும் மறுநாள் காலையும் இருவரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். காட்டுக்கு மேலே தலை நீட்டும் கோபுரங்களின் உச்சியில் நின்றும் நான் நம்பரைத்தான் சொன்னேன். ஞாயிறு திரும்பும்போது சாவடியில் வேறு ஆட்கள், எங்களை இறக்கவே இல்லை. கொட்டகை வெறுமையாக இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தொலைபேசி அலுவலகம் திறந்தவுடன் போனேன். லண்டனில் பிற்பகல் இரண்டு மணி. அம்மாதான் எடுத்தார்.

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"ஒண்டும் இல்லையம்மா. அண்ணையைக் கூப்பிடுங்கோ."

அண்ணை கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார். "இப்பவே அடிக்கிறன். நீ வகுப்புக்குப் போ" என்றார். ஒன்பது மணிக்கு மேற்பார்வை ஆசிரியர் பின்வரிசையில் இருந்தார். பாடம் பரவாயில்லாமல் போனது. என் குரல் நடுங்கியதாகவும், அது போகப் போகச் சரியாகிவிடும் என்றும் அவர் குறிப்பு எழுதினார்.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெலீஸிலிருந்து ஒரு நாளுக்கு வெளியே போய்வருவதாக இருந்தாலும், உங்கள் விசா திரும்ப உள்ளே விடுமா என்று முன்னரே கேளுங்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அமெரிக்கா வழியாகப் போவதற்கு இரண்டு மாதம் முன்பாகவே விசாவுக்கு ஓடத் தொடங்க வேண்டும். பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள், மழை குறைவு. பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகங்கள் கொண்டுபோங்கள், இனிப்பு வேண்டாம். நீளப் பயணங்களில் பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் பெயரையும் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லி வையுங்கள். வீட்டு நம்பர் ஒன்றாவது தலைக்குள் இருக்கட்டும். டிக்காலில் ஒரு இரவு தங்குங்கள், விடியற்காலையை விடாதீர்கள்.

லண்டனுக்குத் திரும்பிய வாரமே அண்ணை என்னை மோர்டனுக்குக் கூட்டிப்போனார். யோகநாதனின் தங்கை பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். நான் யோகநாதனைப் பார்த்தது பத்து நிமிடம்கூட இருக்காது. தங்கை கேட்ட கேள்விகள் ஒரு மணிநேரம் போயின. மெலிந்திருந்தாரா, காலில் செருப்பு இருந்ததா, என்ன நிறச் சட்டை.

"கண்ணாடி போட்டிருந்தவரோ?"

"ஓம், போட்டிருந்தவர்."

"அப்ப சரி. அது இல்லாட்டி அவருக்கு ஒண்டும் தெரியாது" என்றவர், அப்போதுதான் எழுந்து தேத்தண்ணி போடப் போனார்.

யோகநாதனை ஒரு மாதம் தடுத்து வைத்திருந்தார்கள் என்றும், தங்கை மோர்டனிலிருந்து பிடித்துக் கொடுத்த வழக்கறிஞர் மூலம் வெளியே வந்தார் என்றும் பிறகு அறிந்தோம். அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. யோகநாதன் டொரன்டோவிலிருந்து பேசினார். அம்மாவிடம் சுகம் விசாரித்தார், அண்ணையிடம் நன்றி சொன்னார், பிறகு என்னைக் கேட்டார்.

"பிள்ளை, நீங்கள் அண்டைக்கு டிக்கால் பாக்கத்தானே போனனீங்கள்?"

"ஓம் அண்ணை."

"அந்தச் சந்தியால எங்களை ரெண்டு தரம் லொறியில கொண்டுபோனவங்கள். போர்டை மட்டும் கண்டனான். உள்ளுக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்கோ பாப்பம்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஞாபகம் இருந்த எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன்.