கயிறு கட்டும் இடம்

எங்கள் பிக்கப் வண்டியின் முன்னால், பம்பருக்குக் கீழே, ஒரு இரும்பு வளையம் இருந்தது. வண்டி வாங்கிய அன்று இலஞ்சி முருகன் கோயில் வாசலில் பூசை போட்டபோது முதல் குங்குமம் அதற்குத்தான். ஆயுத பூசைக்கு வாழைக்கன்று கட்டுவதும் அதில்தான். எங்கள் பக்கம் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் செய்வார்கள். வருஷா வருஷம் பொட்டு வைத்துக் கும்பிட்டுக் கும்பிட்டு, வண்டியிலேயே உறுதியான இடம் அதுதான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. என் கணவருக்கும் அந்த நினைப்பு இருந்தது.

அந்த வளையம்தான் அவரைக் கொன்றது.

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த நேரம். இலஞ்சியில் ஒரு தோப்பில் தேங்காய் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பின் சக்கரங்கள் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டன. அவருடைய சேக்காளி, சின்ன வயசிலிருந்தே கூட்டாளி, பக்கத்து வயலிலிருந்து டிராக்டரைக் கொண்டுவந்தார். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் கை நனைக்காத வாரம் இருக்காது. வளையத்தில் கயிற்றைக் கட்டினார்கள். தோப்புக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, என் கணவர் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று கைகாட்டியிருக்கிறார். டிராக்டர் இழுத்த இழுப்பில் வளையம் தகட்டோடு பிய்ந்து பறந்து, அவர் நெஞ்சில் வந்து அடித்தது. தென்காசி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள். கண்ணு பட்டுட்டு என்றார்கள். விதியாம் விதி, மண்ணாங்கட்டி! சோறு தின்கிற எவனாவது அது ஏன் பிய்ந்தது என்று கேட்டானா? எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

என் தம்பி ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான். காரியத்துக்கு லீவில் வந்திருந்தான். காரியம் முடிந்த மறுநாள் அவனை வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லி, நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும்.

"யக்கா, இது இழுக்கதுக்கு வச்சதே இல்ல," என்றான், பிய்ந்த இடத்தைத் தடவிக்கொண்டே. "புது வண்டிய லாரியில ஏத்திக் கொண்டாருவாவல்லா, அப்ப ஆடாம கட்டிப்போட வச்ச வளையம். லோடோட சேத்துல கெடக்க வண்டிய இது எப்படித் தாங்கும்?"

பிறகு ஒவ்வொரு இடமாகக் காட்டினான். பம்பர் வெறும் தகரம். அதன் முன்னால் நாங்கள் ஆசையாகப் போட்ட கம்பிக் காவல் நாலு சின்ன போல்ட்டில் தொங்குகிறது. அச்சையோ ஸ்டீயரிங் கம்பியையோ கட்டி இழுத்தால் அது வளைந்து, பிறகு ரோட்டில் ஆளைக் கவிழ்க்கும். கடைசியில் வண்டியின் முழுப் பாரமும் உட்கார்ந்திருக்கிற இரண்டு நீளச் சட்டங்களுக்கு வந்தான். இழுப்பதானால் அவற்றில்தான் இழுக்க வேண்டும். எவ்வளவு பாரம் தாங்கும் என்று மேலேயே அடித்திருக்கும் கொக்கிகளாகப் பார்த்து வாங்கி, சட்டத்துக்கு ஒன்றாகக் கனமான போல்ட் போட்டு முடுக்கினோம். ஒரே கொக்கியில் இழுத்தால் வண்டி கோணிக்கொள்ளும் என்று, இரண்டிலும் மாட்டி நடுவில் சேர்க்க ஒரு தடித்த பெல்ட்டும் வாங்கினோம்.

வண்டியை விற்றுவிடு என்றார்கள் மாமியார் வீட்டார். விற்றுவிட்டு நானும் பிள்ளைகளும் எதைச் சாப்பிடுவது? ஓட்டப் பழகினேன். அவர் எடுத்த தோப்புகளில் நானே லோடு எடுத்தேன்.

அண்ணாச்சி மட்டும் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. துக்கத்தன்று தெரு முக்கில் நின்றதோடு சரி. தென்காசி சந்தையில் என் வண்டியைக் கண்டால் சட்டென்று அடுத்த தெருவுக்குள் புகுந்துவிடுவார். உண்ட வீட்டை மறந்த மனுஷன் என்று என் வயிறு எரிந்தது.

போன சாரலில், இலஞ்சியிலேயே இன்னொரு தோப்பில், நானும் மாட்டிக்கொண்டேன். காலையிலிருந்து விடாத மழை. மட்டையைப் போட்டுப் பார்த்தோம், மண்ணை வெட்டிப் பார்த்தோம், அசையவில்லை. தோப்புக்காரர் போன் போட்டு ஒரு டிராக்டரை வரவழைத்தார். பார்த்தால் அண்ணாச்சி. என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துவிட்டது. இறங்கவே இல்லை.

"வேற வண்டி அனுப்புதேன்," என்று திருப்பப் போனார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டிராக்டருக்கு முன்னால் போய் மறித்து நின்றேன்.

"எங்க போறிய? இத்தன நாளா இப்படித்தான போறிய! பிள்ளைய தின்னுச்சா பட்டினி கெடந்துச்சான்னு ஒருநா வந்து கேட்டியளா? உங்க சேக்காளியோட சேத்து எங்களையும் எரிச்சிட்டியளோ?"

அவர் எஞ்சினை அணைத்தார்.

"அன்னைக்கு அவன் தள்ளித்தான் நின்னான், தங்கச்சி," என்றார். "மழையில எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. கிட்ட வந்து கைகாட்டுலேன்னு கூப்பிட்டது நான். நான் கூப்பிட்டுத்தான் அவன் வந்தான். இத உங்கிட்ட சொல்லணும்னு தெரு முக்கு வரைக்கும் வருவேன். அதுக்கு மேல காலு வராது."

இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. தள்ளி நின்றவரைக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிடாமல் இருந்திருந்தால் என் கணவர் நனைந்து வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டத் துண்டு கேட்டிருப்பார். பாவி மனுஷா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். என் கையில் மண்வெட்டி இருந்தது. அதை எட்டத் தூக்கிப் போட்டேன்.

அவர் டிராக்டரிலும் அதே மாதிரி ஒரு வளையம், காய்ந்த குங்குமத்தோடு, என் கண்ணுக்கு நேரே இருந்தது. இந்த மனுஷன் தெரிந்தா கூப்பிட்டார்? என்னைக் கூப்பிட்டிருந்தால் நானும்தான் போய் நின்றிருப்பேன். ஆத்திரம் அடங்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆத்திரத்தோடு அவரைத் திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை. இவர் இழுக்கப் போகிற இன்னும் எத்தனை வண்டியில், கயிறு கட்ட எத்தனை பேர் அந்த வளையத்தைத் தேடிப் போவார்களோ.

"இறங்குங்க," என்றேன். "கயிறு எங்கன கட்டணும்னு வந்து பாருங்க."

இறங்கி வந்து சேற்றில் மல்லாந்து படுத்தார். சட்டத்தைக் காட்டினேன். இரண்டு கொக்கிகளையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டார். எழுந்தபோது முகத்தில் வழிந்தது மழையா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை.

"அன்னைக்கு இது இருந்திருந்தா..." என்றார்.

"இல்லையே," என்றேன்.

சக்கரங்களுக்கு முன்னாலிருந்த மண்ணை இன்னும் ஆழமாக வெட்டி வழி செய்தோம். பெல்ட்டை இரண்டு கொக்கியிலும் மாட்டி, நடுவில் அவருடைய வடத்தைச் சேர்த்தோம். அறுந்தால் பறக்காமல் கீழே விழட்டும் என்று நனைந்த சாக்குகளை வடத்தின்மேல் போட்டேன். தோப்பு ஆட்களை வடம் எட்டாத தூரத்துக்கு, பக்கவாட்டில் விரட்டினேன்.

"கைகாட்ட ஆளு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஒருத்தரும் வேண்டாம். நான் ஆரன் அடிச்சா மெதுவா இழுங்க. மறுபடி அடிச்சா நிறுத்துங்க."

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே வடமும் சாக்கும் மழையும் மட்டும் இருந்தன. வடத்துக்குப் பக்கத்தில், அன்றைக்கு என் கணவர் கையை உயர்த்தி நின்றது மாதிரியான இடம் காலியாகக் கிடந்தது. ஆரனில் வைத்த கை உடனே அழுத்த மாட்டேன் என்றது. பிறகு அழுத்தினேன்.

வடம் மெதுவாக விறைத்தது. வண்டி முனகியது, ஒருமுறை குலுங்கியது, ஏறி வந்துவிட்டது. கெட்டித் தரை வந்ததும் ஆரன் அடித்தேன். அண்ணாச்சி டிராக்டரை நிறுத்திய வேகத்தில் குதித்து, சேற்றில் விழுந்து எழுந்து ஓடிவந்தார்.

"ஒண்ணும் ஆவலையே, தங்கச்சி?"

"ஒண்ணும் ஆவல அண்ணாச்சி."

"மேல எங்கயும் படலையே?"

"படல."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஒண்ணும் ஆவலையே?"

கதவைத் திறந்து இறங்கி, அவர் நன்றாகப் பார்க்கும்படி முன்னால் போய் நின்றேன்.